வீட்டு டைல்ஸையும் கான்கிரீட்டையும் உடைக்க மெஷின் தேடிய அனுபவம்

சென்னை பாரிமுனையில், செம்புதாஸ் தெருவில் நான் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் "டைல்ஸ் உடைக்க மெஷின் வேணும்" என்றதும் வந்தது ஒரே கேள்விதான்: "எத்தனை வாட்ஸ்ல பார்க்கறீங்க?" உடைக்கப்போவது சுவரா தரையா, சுவர் என்றால் ஒன்பது இஞ்சா நாலரை இஞ்சா, டைல்ஸுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது வாட்ஸ்தான், வாங்க வருகிறவர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் வீடு தாம்பரம் பக்கம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா கட்டியது. மாடி பாத்ரூமில் சுவர் டைல்ஸ் முழுக்க எடுக்க வேண்டும், தரை எடுத்துப் புதிதாக வாட்டர்புரூஃப் செய்ய வேண்டும். கூடவே, பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தின் கான்கிரீட் தரையை உடைத்துப் புது டிரெயினேஜ் பைப் போட வேண்டும். பூச்சும் டைல்ஸும் செய்ய மேஸ்திரி தயார். உடைக்கிற ஆள்தான் கிடைக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்பவர் அடுத்த வாரம் போனை எடுப்பதில்லை. சரி, நாமே உடைத்துவிடலாம் என்று முடிவு செய்து மேஸ்திரியிடம் எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டேன். "தம்பி, சொவத்துக்கு ஒரு மெஷினு, தரைக்கு ஒரு மெஷினு. ரெண்டுக்கும் ஒண்ணுன்னு வாங்குனா ரெண்டு வேலையும் கெடும்" என்றார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாம் என்று கிளம்பியவனுக்கு இது உவப்பான பதிலாக இல்லை. ஆனால் விவரம் தேடத் தேட, அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வீட்டில் பலரிடம் இருக்கும் 10 எம்எம், 13 எம்எம் இம்பாக்ட் டிரில்லிலும் சுத்தியல் படம் போட்டிருக்கும். அதை நம்பி டைல்ஸ் உடைக்க இறங்கக் கூடாது. அதற்குள் இருப்பது பல் வைத்த இரண்டு தட்டுகள். ஒன்றின் மேல் ஒன்று உரசித் தாவும்போது பிட் அதிர்கிறது, அவ்வளவுதான். நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அடி. செங்கல் சுவரில் ஓட்டை போட அது போதும். உளி மாட்டும் வசதியே அதில் கிடையாது.

நமக்கு வேண்டியது ரோட்டரி ஹேமர். இதற்குள் ஒரு பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும். பிஸ்டனுக்கும் அடிக்கிற துண்டுக்கும் நடுவில் காற்று அடைபட்டிருக்கும். அந்தக் காற்றுதான் அந்தத் துண்டைத் தூக்கி உளியின் முதுகில் அடிக்கிறது. அதனால் நாம் அழுத்துவதால் அடி கூடாது. உளி தளத்தை விட்டு விலகாத அளவுக்குப் பிடித்தால் போதும். உடம்பின் எடை முழுவதையும் அதன் மேல் போடுகிறவர்களுக்குக் கைதான் வலிக்கும், வேலை கூடாது.

ரோட்டரி ஹேமரில் மூன்று மோடு இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். வெறும் டிரில், அடியோடு டிரில், வெறும் அடி. இந்த மூன்றாவது மோடு இல்லாத மாடல்களும் விற்பனையில் உண்டு. அதில் உளியை மாட்டினால் உளியும் சேர்ந்து சுற்றும், டைல்ஸ் வேலைக்கு உதவாது. இதைவிடப் பெரியது டெமாலிஷன் ஹேமர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக்கர். அது சுற்றவே சுற்றாது, அடி மட்டும்தான்.

இனி அந்த வாட்ஸ் விஷயம். வாட்ஸ் என்பது மெஷின் கரண்டிலிருந்து எடுத்துக்கொள்வது. உளி நுனிக்குப் போய்ச் சேருவது ஒவ்வொரு அடிக்கும் இத்தனை ஜூல் (அடியின் ஆற்றலை அளக்கும் அலகு) என்ற கணக்கு. பாஷ் கம்பெனியின் ஜிபிஹெச் 2-26 ரகம் 800 வாட்ஸ் சுமார், அடிக்கு 2.7 ஜூல். அதே கம்பெனியின் ரோடு உடைக்கும் ஜிஎஸ்ஹெச் 16-28 மெஷின் 1750 வாட்ஸ், அடிக்கு 41 ஜூல். வாட்ஸில் இரண்டு மடங்கைக் கொஞ்சம் தாண்டுகிறது, அடியில் பதினைந்து மடங்கு! சின்ன மெஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம் தடவை தட்டும், பெரியது ஆயிரத்து முந்நூறு தடவை இடிக்கும். வாட்ஸை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஜூலிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பெயர் தெரியாத பெட்டிகளில் 1500 வாட்ஸ், 25 ஜூல் என்றெல்லாம் தாராளமாக அச்சடித்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் எப்டா 05 (EPTA 05) என்ற ஒரு பொது முறைப்படி அளந்துதான் எண் போடுகின்றன. அந்த வார்த்தை இல்லாத ஜூல் எண்ணை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எடையை வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்துவிடலாம். மூன்று கிலோ மெஷின் இரண்டிலிருந்து மூன்று ஜூல் (மகிட்டா ஹெச்ஆர் 2470 என்றால் 2.4). ஐந்து, ஆறு கிலோ மெஷின் எட்டு ஜூல் பக்கம். பத்து கிலோ மெஷின் பதினேழு ஜூல் பக்கம். நாலு கிலோ மெஷினில் 25 ஜூல் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம்.

உளியின் வால், அதாவது மெஷினுக்குள் சொருகும் பக்கம், எந்த வகை என்பதும் முக்கியம். சின்ன மெஷின்களுக்கு எஸ்டிஎஸ் பிளஸ், 10 எம்எம் தண்டு. ஐந்து கிலோவுக்கு மேல் எஸ்டிஎஸ் மேக்ஸ், 18 எம்எம் தண்டு. அதே எடையில் 17 எம்எம் அறுகோண வால் எடுக்கும் மெஷின்களும் நிறைய உண்டு. ஒன்றுக்கு வாங்கிய உளி இன்னொன்றில் ஏறாது. அதனால் மெஷின் வாங்கும் முன் நம் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் எந்த வால் உளி தொங்குகிறது என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. உளி முறிவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான்.

கடைசியில் மேஸ்திரி சொன்ன வழிக்கே வந்தேன். 2.7 ஜூல் ரோட்டரி ஹேமர் ஒன்று சொந்தமாக, ஐந்து கிலோ ரக பிரேக்கர் ஒன்று வாடகைக்கு. சின்னது வீட்டில் இருந்தால் கர்ட்டன் ராடு, கீசர் ஸ்டாண்டு என்று ஆயுசுக்கும் உதவும். பெரியது விலையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு, வேலை முடிந்த பிறகு பரணில்தான் கிடக்கும். அதன் நாள் வாடகையோ புது விலையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை.

மெஷினைச் சொருகுவதற்கு முன் செய்ய வேண்டியது சுவரைத் தட்டிப் பார்ப்பது. ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸிலும் நடுவிலும் நாலு மூலையிலும் தட்டினேன். "டொக் டொக்" என்றால் பின்னால் வெற்றிடம், "ணங்" என்றால் கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது. எங்கள் பாத்ரூமில் குழாய்ப் பக்கத்துச் சுவர் பாதிக்கு மேல் டொக் டொக். அந்தக் காலத்தில் டைல்ஸின் முதுகில் நடுவே ஒரு உருண்டை சிமெண்டுப் பால் வைத்து அப்படியே சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். நடு மட்டும் பிடித்திருக்கிறது, ஓரமெல்லாம் காலி. இப்படிப்பட்ட இடத்தில் மெஷினே தேவையில்லை, உளியும் சுத்தியலும் போதும். எதிர்ச் சுவர் அப்படியில்லை, முழுக்க ணங்.

அந்த எதிர்ச் சுவர் நாலரை இஞ்சுச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் பெட்ரூம். இங்கேதான் மெஷின் தேர்வின் உயிர்நாடி இருக்கிறது. நாலரை இஞ்சுச் சுவர் என்பது ஒற்றைச் செங்கல் அகலம். கனமான மெஷினை அதில் வைத்தால் டைல்ஸ் விழும், கூடவே செங்கல் இணைப்பும் அசையும், அந்தப் பக்கம் பூச்சு வெடிக்கும். நாலரை இஞ்சுச் சுவருக்கு மூன்று ஜூலுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. பத்து கிலோ மெஷினை மார்பு உயரத்தில் கிடையாகப் பிடித்து எத்தனை நிமிஷம் நிற்க முடியும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

டைல்ஸ் எடுக்க 40 எம்எம் அகலத் தட்டை உளி வசதி. அதைவிட அகலமான, நுனி லேசாக மேல் வளைந்த டைல்ஸ் உளியும் கிடைக்கிறது. ஆனால் அகலம் கூடக் கூட அடி பரவிப்போகிறது. மூன்று ஜூல் மெஷினில் மூன்று இஞ்சு உளி மாட்டினால், நன்றாகப் பிடித்த டைல்ஸின் மேல் அது சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். ணங் சுவருக்கு 20 எம்எம் உளி, டொக் சுவருக்கு 40 எம்எம் என்று மாற்றி மாற்றிப் போட்டேன்.

தொடக்கம் மேல் வரிசையிலிருந்து. டைல்ஸின் மேல் விளிம்பு சுவரில் தெரியும் அல்லவா, அங்கே பூச்சுக்கும் டைல்ஸுக்கும் நடுவே உளியை 45 டிகிரியில் வைத்து டிரிகரை லேசாக அழுத்தினால் நுனி உள்ளே போகும். போனதும் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, உளியை ஏறக்குறையச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைக்க வேண்டும். அப்போது அடி சுவருக்குள் போகாமல் டைல்ஸின் முதுகைப் பிளந்துகொண்டு போகும். அந்தச் சாய்வு கைக்குப் பிடிபட்டதும் சத்தமே மாறிவிடும். "டர்ர்ர்" என்று வறட்டுத்தனமாக இருந்தது கொஞ்சம் மந்தமாகி, டைல்ஸ் முழுசாகக் கழன்று சரியும். உளியை நேராகக் குத்துகிறவர்களுக்கு ரூபாய் அளவுத் துண்டுகளாகத்தான் தெறிக்கும், பின்னால் செங்கலும் குழியாகும்.

பின்னால் இருக்கும் அரை இஞ்சுப் பூச்சைக் காப்பாற்ற வேண்டுமா என்று முன்பே மேஸ்திரியிடம் கேட்டுவிடுங்கள். எங்களுக்கு வேண்டாம் என்றார், புதுப் பூச்சுதான் மட்டம் கொடுக்கும் என்றார். அது தெரிந்ததும் வேலை பாதியாகிவிட்டது. பூச்சோடு சேர்த்துப் பிளந்தால் டைல்ஸ் பலகை பலகையாக வருகிறது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று குறியிட்டுக்கொள்வதும் அவசியம். கதவு நிலையைத் தொட்டிருக்கும் வரிசையை மார்பிள் கட்டரால் ஒரு கோடு அறுத்துப் பிரித்துவிட்டுத்தான் உடைத்தேன். இல்லையென்றால் அடி நிலைக்குப் போய் ஓரமெல்லாம் விரிசல் விடும். குழாய்கள் பெரும்பாலும் டேப்பிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கிடையாகத்தான் போகும். அந்த வழிகளைச் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் இடத்தைக் கையால்தான் கொத்தினேன். பழைய ஜிஐ பைப் துருப்பிடித்து மெலிந்திருக்கும், ஒரு அடி போதும். மேல் தொட்டியின் கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். கீசர் ஒயர் போகும் சர்க்யூட்டை எம்சிபியில் (மெயின் போர்டில் இருக்கும் சுவிட்ச்) அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும்.

கரண்ட் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 800 வாட்ஸ் மெஷின் மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும், சாதாரண 5 ஆம்பியர் பிளக் பாயிண்டே தாங்கும். 1500 வாட்ஸ் என்றால் ஆறரை ஆம்பியர், அதற்கு ஏசி, கீசர் மாட்டும் 15 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயர் மெல்லியதாக இருந்தால் ஓல்டேஜ் இறங்கி மோட்டார் சூடாகும். 1.5 சதுர எம்எம் ஒயர் வாங்கி, சுருளாக வைக்காமல் முழுக்க அவிழ்த்துப் போட்டேன். ஈரமான இடத்தில் வேலை என்பதால் வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது உயிருக்கு நல்லது.

மாடி பாத்ரூம் தரை வேறு கதை. அது சங்கன் ஸ்லாப். கான்கிரீட் தளம் ஓரடி இறக்கிப் போட்டு, அதன் மேல் செங்கல் ஜல்லி நிரப்பி, கலவை போட்டு டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். டைல்ஸும் கலவையும் சேர்ந்து இரண்டு இஞ்சுக்கு மேல் இருந்தது. சின்ன மெஷின் முக்கியது. வாடகைக்கு எடுத்த ஐந்து கிலோ பிரேக்கரை நிமிர்த்தி வைத்ததும் கலவை பாளம் பாளமாக எழுந்தது. தரையில் எடை நமக்கு எதிரியில்லை, மெஷின் தன் எடையிலேயே நிற்கிறது, நாம் வழிகாட்டினால் போதும்.

ஆனால் செங்கல் ஜல்லி தெரிந்ததும் பிரேக்கரை அணைத்து வெளியே வைத்துவிட வேண்டும். அதற்குக் கீழே இருப்பது கீழ்வீட்டுக் கூரை. ஸ்லாபின் கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் முக்கால் இஞ்சு சுமார்தான். அதைக் கொத்திவிட்டால் நாம் எதற்காகத் தரையை உடைக்கிறோமோ அந்த நீர்க்கசிவுக்கு நாமே வழி திறந்ததாகிவிடும். ஜல்லியை மண்வெட்டியாலும் கையாலும் அள்ளினோம். சலிப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை. பீம், தூண், ஸ்லாப் ஆகிய மூன்றிலும் எந்த மெஷினாக இருந்தாலும் இன்ஜினியரைக் கேட்காமல் உளி வைக்கக் கூடாது.

பின்கட்டுத் தரையில்தான் பிரேக்கர் தன் வேலையைக் காட்டியது. நாலு இஞ்சு கனம், ஒன்றரை இஞ்சு ஜல்லி போட்ட கான்கிரீட், கம்பி கிடையாது. கூர் உளியை நடுவில் வைத்துக் குத்திப் பார்த்தால் உளியளவு ஓட்டை விழுகிறது, உளி அதிலேயே மாட்டிக்கொள்கிறது. கான்கிரீட் நசுக்குவதற்கு அசையாது, இழுத்தால் முறியும். எம்20 ரகக் கான்கிரீட் நசுங்கத் தாங்குவது சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். வளைத்தால் மூன்று சொச்சத்திலேயே முறிகிறது. ஆகவே அது விலகிப் போக ஒரு பக்கம் இடம் காட்ட வேண்டும். சுவரோரமாக ஒரு ஜாண் அகலத்துக்கு முதலில் பாடுபட்டு உடைத்து, அடியில் இருந்த மண்ணையும் கொஞ்சம் தோண்டி எடுத்தோம். பிறகு அந்த விளிம்பிலிருந்து மூன்று இஞ்சு தள்ளி உளியை வைத்தால், சில நொடி இடித்ததுமே விரிசல் ஓடித் துண்டு முன்பக்கம் சாய்கிறது. பேராசைப்பட்டு ஆறு இஞ்சு தள்ளி வைத்தால் உளி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் மெஷினை ஆட்டி நெம்பக் கூடாது, முன்பக்க லாக்தான் உடையும். மெஷினைக் கழற்றிவிட்டு வேறு உளி மாட்டிப் பக்கத்தில் இடித்தால், சிக்கியது தானே விடுபடும். அதனால் கூர் உளி இரண்டாவது வேண்டும்.

தூசி பற்றிப் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். கான்கிரீட்டிலும் டைல்ஸிலும் கலவை மணலிலும் இருப்பது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அதன் நுண்தூள்தான் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் கொண்டுவருகிறது. முகத்தில் கட்டும் கர்சீப் அதைத் தடுக்காது. என்95 மாஸ்க்காவது வேண்டும், மூக்கோரம் இடைவெளி இல்லாமல். உடைத்து விழுந்த குவியலின் மேல் அவ்வப்போது தண்ணீர் தெளித்தோம், மெஷின் பக்கம் துளியும் படாமல். கண்ணாடி கட்டாயம். டைல்ஸின் பளபளப்பு மேல்தோல் பிளேடு மாதிரி தெறிக்கிறது. மூடிய பாத்ரூமில் அந்தச் சத்தத்துக்குக் காதடைப்பானும் வேண்டும்.

அதிர்வுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சராசரியாக 2.5 மீட்டர்/வினாடி² தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. மெஷினோடு வரும் கையேட்டில் உளி வேலைக்கான அதிர்வு எண் போட்டிருப்பார்கள். 10 என்று இருந்தால், அரை மணி நேரத்திலேயே முதல் வரம்பு வந்துவிடும், இரண்டு மணி நேரத்தில் இரண்டாவதும். நானும் மச்சானும் மாற்றி மாற்றிப் பிடித்தோம். விரல் மரத்துப்போகும்போது நிறுத்துவது என்று வைத்துக்கொண்டால் அது தாமதம். தினமும் இந்த வேலை செய்கிறவர்களுக்கு விரல் வெளுத்து உணர்வு போகும் நோயே வருகிறது.

வாடகை மெஷினை எடுக்கும்போது கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்கள். மோட்டார் பக்கம் காற்றுத் துவாரத்தில் எட்டிப் பார்த்தால் லேசான நீலப் பொறி தெரியும், அது இயல்பு. நெருப்பு வட்டமாகச் சுற்றினால் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் கட்டை) தேய்ந்திருக்கலாம், வேறு மெஷின் கேளுங்கள். உளி வாலில் மாட்டும் முன் ஒரு விரல் கிரீஸ் தடவ வேண்டும். தூசியோடு கலந்த பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் புதுசு. உளியில் கூர் மழுங்கினால் கிரைண்டரில் பிடிக்கலாம், ஆனால் நுனி நீலமாக மாற விடக்கூடாது. அடிக்கடி தண்ணீரில் முக்கி முக்கித்தான் தீட்ட வேண்டும், நீலமானால் உறுதி போய்விட்டது என்று அர்த்தம்.

யாரும் முன்கூட்டி நினைக்காதது இடிபாட்டை. ஒரு சின்ன பாத்ரூம் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் இவ்வளவு வருமா என்று மலைத்துப்போனோம். சிமெண்டு மூட்டைச் சாக்கில் பாதிக்கு மேல் போடாதீர்கள். நிறைத்தால் மாடிப்படியில் இரண்டு பேராலும் தூக்க முடியாது, டைல்ஸ் முனை சாக்கைக் கிழித்து காலையும் கிழிக்கும். மாடியிலேயே குவித்து வைக்கவும் கூடாது, ஸ்லாபுக்கு அது வீண் பாரம். அன்றன்றைக்கு இறக்கிவிட வேண்டும். பின்கட்டுக் கான்கிரீட் துண்டுகளை டைல்ஸோடு கலக்காமல் தனியாக ஒதுக்கி வைத்தோம். டிரெயினேஜ் சேம்பர் கட்டும்போது அடிமட்டத்துக்கு மேஸ்திரி அதையே போட்டுத் திமிசு அடித்துக்கொண்டார். மீதி ஒரு டாடா ஏஸ் லோடு.